677-க்கு அப்பால்: அரிய வீடியோ கேம் கார்ட்ரிட்ஜ்களும் தொகுப்பின் முழுமையும்

வீடியோ கேம் கார்ட்ரிட்ஜ் என்பது, ஒரு விளையாட்டின் நிரலையும் படங்களையும் ஒலிகளையும் அழியாத வகையில் பதித்துவைத்த நினைவகச் சில்லுகளைச் சிறிய சுற்றுப்பலகை ஒன்றில் பொருத்தி, அப்பலகையை நெகிழி உறைக்குள் அடைத்துச் செய்த பொருளாகும். 1990-களில் தமிழ்நாட்டு வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடியவர்கள் இதனைக் கேசட் என்றே அழைத்தனர் என்றாலும், பாட்டுக் கேசட்டில் இருப்பதுபோல் இதற்குள் நாடாவோ சுழலும் உறுப்போ கிடையாது. 1970-களின் தொடக்கத்தில் வந்த வீட்டு விளையாட்டுக் கருவிகளில் விளையாட்டுகள் கருவிக்குள்ளேயே நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தமையால், புதிய விளையாட்டு வேண்டுமென்றால் புதிய கருவியையே வாங்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஆல்பெக்ஸ் நிறுவனத்தில் வாலஸ் கிர்ஷ்னர், லாரன்ஸ் ஹாஸ்கல் ஆகியோர் உருவாக்கிய கருத்தை எடுத்துக்கொண்டு, ஜெர்ரி லாசன் என்னும் பொறியாளரின் தலைமையில் ஃபேர்சைல்டு நிறுவனம் 1976-இல் வெளியிட்ட சேனல் எஃப் என்னும் கருவியே, சில்லில் பதித்த விளையாட்டைத் தனியாக வாங்கிச் செருகி ஆடும் முறையை முதன்முதலில் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. விளையாட்டு கருவியிலிருந்து பிரிந்து தனிப்பொருளான அந்த நாளில்தான் அதனைச் சேகரிப்பதற்கான வாய்ப்பும் பிறந்தது.

சேகரிப்பவர்கள் பலவகையினர். சிறுவயதில் ஆடியவற்றை மட்டும் மீண்டும் வாங்கி வைப்பவர் உண்டு. ஒரே நிறுவனத்தின் வெளியீடுகளை மட்டும் தேடுபவரும் உண்டு. ஆனால் ஒரு கருவிக்காக வெளிவந்த எல்லா விளையாட்டுகளையும் ஒன்றுவிடாமல் சேர்த்து முடிப்பது என்ற முயற்சிக்கு இவர்களிடையே தனி மதிப்பு இருக்கிறது. அம்முயற்சிக்கு மிகுதியாகத் தேர்ந்தெடுக்கப்படும் கருவி, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஃபேமிகாம் என்ற பெயரில் தன் நாட்டிலும், தோற்றத்தை மாற்றி 1985 அக்டோபரில் நியூயார்க் நகரிலும் அறிமுகப்படுத்திய கருவியாகும். அமெரிக்காவில் அது நின்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம் என்று பெயர் பெற்றது, சுருக்கமாக என்இஎஸ். 1994 டிசம்பரில் வெளிவந்த வாரியோஸ் உட்ஸ் என்னும் விளையாட்டோடு வட அமெரிக்காவில் அதன் வெளியீடுகள் நின்றுபோயின. அங்கே உரிமத்துடன் வெளிவந்தவை 677 என்ற எண்ணே சேகரிப்பாளரிடையே பரவலாக வழங்குகிறது. எண்ணுபவர் எதைத் தனி விளையாட்டாகக் கொள்கிறார் என்பதைப் பொறுத்து ஓரிரண்டு கூடலாம் அல்லது குறையலாம்.

அந்த எண் இந்த அளவு உறுதியாக இருப்பதற்குக் காரணம், நின்டெண்டோ கையாண்ட கடுமையான கட்டுப்பாடு. அதற்கு முன் சந்தையை ஆண்ட அட்டாரி 2600 கருவிக்கு யார் வேண்டுமானாலும் கார்ட்ரிட்ஜ் செய்து விற்க முடிந்தது; தரமற்ற சரக்கு கடைகளில் குவிந்து, 1983-இல் அமெரிக்க வீடியோ கேம் தொழிலே சரிந்து விழுந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அக்கருவிக்கு முழுத் தொகுப்பு என்று எல்லை வகுப்பதும் அதனாலேயே கடினமாகிறது. மென்-எ-விஷன் என்ற பெயரில் ஏர் ரெய்டு என்னும் ஒரேயொரு விளையாட்டை மட்டும் வெளியிட்டு மறைந்துபோன நிறுவனம் ஒன்று இருந்தது. விவிலியக் கதையை ஒட்டி 1983-இல் செய்யப்பட்ட ரெட் சீ கிராசிங் என்னும் விளையாட்டோ 2007 வரை சேகரிப்பாளர்களின் பட்டியலிலேயே இல்லை. நின்டெண்டோ இந்த வரலாற்றிலிருந்து பாடம் படித்தது. தன் கருவிக்குள் பூட்டுப்போல் செயல்படும் ஒரு சிறு சில்லையும், தான் அனுமதித்த ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் அதற்கு இணையான இன்னொரு சில்லையும் வைத்தது. இரண்டும் ஒன்றோடொன்று ஓயாமல் சைகைகளைப் பரிமாறிக்கொண்டிருக்கும். சைகை பொருந்தாவிட்டால் கருவி மீண்டும் மீண்டும் தொடக்கநிலைக்கே திரும்பிவிடும். கார்ட்ரிட்ஜ்களைத் தயாரிக்கும் உரிமையையும் நின்டெண்டோ தன் கையிலேயே வைத்துக்கொண்டு, உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 5 விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக்கூடாது என்று வரையறுத்தது. கொனாமி நிறுவனம் அல்ட்ரா என்ற பெயரில் இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கி இந்த எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டதிலிருந்து அவ்விதி எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதை உணரலாம்.

677-இல் பெரும்பாலானவை எளிதில் கிடைப்பவை. சூப்பர் மாரியோ பிரதர்ஸும் டக் ஹன்ட்டும் ஒரே கார்ட்ரிட்ஜில் சேர்ந்து கருவியோடு வழங்கப்பட்டமையால், அமெரிக்காவின் பழம்பொருள் கடைகளில் அதனைக் காணாமல் இருப்பதே அரிது. பொறுமையும் ஓரளவு பணமும் உள்ளவர் முதல் ஐந்நூறு, அறுநூறு வரை சீராகச் சேர்த்துவிட முடியும். அதற்குமேல் எஞ்சும் சில பெயர்களே சேகரிப்பவரின் ஆண்டுகளையும் சேமிப்பையும் விழுங்குகின்றன. ஒரு கார்ட்ரிட்ஜ் அரிதாவதற்கும் அதன் தரத்துக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வணிக ஒப்பந்தங்கள், நீதிமன்ற ஆணைகள், காலம் கடந்த வெளியீடு, பரிசுப் போட்டி ஆகியவையே அருமையை உண்டாக்கின. எனவே பட்டியலின் கடைசிப் பெயர்களை ஆராய்வது ஒரு தொழிலின் வரலாற்றையே ஆராய்வதாக அமைகிறது.

இவற்றுள் தலையாயது ஸ்டேடியம் ஈவன்ட்ஸ். பொம்மைத் தயாரிப்பில் புகழ்பெற்ற ஜப்பானிய நிறுவனமான பண்டாய், தரையில் விரித்து அதன்மேல் ஓடியும் குதித்தும் விளையாடக்கூடிய விரிப்பு ஒன்றை ஃபேமிலி ஃபன் ஃபிட்னஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓட்டம், தடையோட்டம், நீளந்தாண்டல் போன்ற தடகளப் போட்டிகளைக் கொண்ட ஸ்டேடியம் ஈவன்ட்ஸ், அவ்விரிப்போடு பயன்படுத்துவதற்காக 1987-இல் வெளியிடப்பட்டது. சிறிது காலத்திலேயே அவ்விரிப்பை அமெரிக்காவில் விற்கும் உரிமையை நின்டெண்டோ தானே வாங்கி, 1988-இல் அதற்குப் பவர் பேட் என்று புதுப்பெயர் சூட்டியது. விளையாட்டும் வேர்ல்டு கிளாஸ் டிராக் மீட் என்னும் புதிய தலைப்போடு மறுபடியும் வெளிவந்தது. பழைய பெயர் தாங்கிய பிரதிகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அதற்குமுன் மக்கள் கைக்குச் சென்றவை சில நூறு மட்டுமே என்று கருதப்படுகிறது. 200 என்று அடிக்கடி சொல்லப்படும் எண் சேகரிப்பாளர்களின் மதிப்பீடேயன்றி, ஆவணம் காட்டும் எண் அன்று. உறை பிரிக்கப்படாத ஒரு பிரதி 2010-இல் 41,300 டாலருக்கு ஏலம்போனது.

இதில் சிந்திக்கத்தக்க செய்தி என்னவென்றால், ஸ்டேடியம் ஈவன்ட்ஸில் உள்ள ஓட்டமும் தாண்டலும் வேர்ல்டு கிளாஸ் டிராக் மீட்டில் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன என்பதும், பின்னது இன்றும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்பதும்தான். ஐரோப்பாவில் பழைய பெயரிலேயே விற்கப்பட்ட பிரதிகள்கூட அமெரிக்கப் பிரதியளவு அரியவை அல்ல. ஆக, சேகரிப்பவர் பல்லாயிரம் டாலர் கொடுத்துப் பெறுவது ஒரு வணிக முடிவுக்கும் அதனால் ஏற்பட்ட திரும்பப்பெறலுக்கும் இடையே தப்பிப் பிழைத்த ஒரு சான்றையே. ஆடக்கூடிய புதிய விளையாட்டை அன்று. நாணயவியலில் ஈடுபட்டோர் ஒரே மன்னனின் ஒரே மதிப்புள்ள இரு காசுகளுக்கிடையே அச்சடித்த இடத்தின் குறியீட்டை மட்டும் வைத்து வேறுபாடு காண்பதைப் போன்றதே இது. அவ்வேறுபாட்டை அற்பமென்று தள்ளுவது, அதன் பின்னுள்ள வரலாற்றையும் சேர்த்துத் தள்ளுவதாகிவிடும்.

இரண்டாம் வகை அருமை காலத்தால் வந்தது. 1991 ஆகஸ்டில் அமெரிக்காவில் சூப்பர் நின்டெண்டோ அறிமுகமானபின் வாங்குவோரின் நாட்டம் புதிய கருவிக்குத் திரும்ப, பழைய கருவிக்கான விளையாட்டுகள் சிறிய எண்ணிக்கையிலேயே தயாரிக்கப்பட்டன. அந்த ஆண்டுகளில் நிரல் எழுதியோர் கருவியின் நுணுக்கங்களை எல்லாம் கற்றுத் தேர்ந்திருந்தமையால், மிக அழகிய படைப்புகள் சில, வாங்க ஆளில்லாத நேரத்தில் வெளிவந்தன. டைட்டோ நிறுவனம் 1992-இல் வெளியிட்ட லிட்டில் சாம்சன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு: நான்கு பாத்திரங்களை விரும்பியபோது மாற்றிமாற்றி ஆடும் அவ்விளையாட்டின் வரைகலை, 8 பிட் கருவி ஒன்றில் இவ்வளவும் இயலுமா என்று வியக்கவைப்பது. அதே நிறுவனம் 1994-இல் வெளியிட்ட ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் தொடரின் இரண்டாவது விளையாட்டு, ஹட்சன் நிறுவனத்தின் போங்க்ஸ் அட்வென்ச்சர், கேப்காமின் டக்டேல்ஸ் 2 ஆகியவையும் இவ்வரிசையில் அடங்கும். அருமையும் தரமும் ஒன்றுசேர்ந்த சிலவற்றுள் லிட்டில் சாம்சன் முதலிடம் பெறத்தக்கது. அதனைத் தேடிச் செலவிட்டவர் எவரும் ஏமாந்தவர் ஆகார்.

பிற்கால வெளியீடுகள் பலவற்றை வாங்கியவை வாடகைக் கடைகள். இன்று சந்தைக்கு வரும் பிரதிகள் சிலவற்றின் மேல் அக்கடைகளின் ஒட்டுச்சீட்டுகள் அகற்றமுடியாதபடி ஒட்டியிருப்பதையும், அட்டைப்பெட்டியும் கையேடும் இல்லாமல் கார்ட்ரிட்ஜ் மட்டும் எஞ்சியிருப்பதையும் காணலாம். கையேட்டின் கதை தனியே சொல்லத்தக்கது. பிளாக்பஸ்டர் என்னும் பெரும் வாடகைக் கடை நிறுவனம் கையேடுகளை நகலெடுத்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்ததை எதிர்த்து நின்டெண்டோ 1989-இல் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தது. ஆடும் முறையைச் சொல்லும் அந்த மெல்லிய புத்தகம் எத்தனை எளிதாகத் தொலைந்தது, கிழிந்தது என்பதை இவ்வழக்கின் பின்னணி காட்டுகிறது. அதனால்தான் சேகரிப்பாளர்கள், கார்ட்ரிட்ஜ் மட்டும் உள்ள தொகுப்பையும் பெட்டி, கையேடு, தூசு படியாமல் காக்கும் கறுப்பு உறை, பெட்டிக்குள் இருந்த தெர்மாகோல் துண்டு ஆகிய அனைத்தும் கூடிய தொகுப்பையும் வேறு வேறு இலக்குகளாகவே கொள்கின்றனர். முன்னதை முடித்தவர் பலர் இருக்கலாம். பின்னதை முடிப்பது வேறொரு வாழ்நாள் வேலை.

கடைகளில் விற்கப்படாத கார்ட்ரிட்ஜ்களைப் பட்டியலில் சேர்ப்பதா என்பது தீராத வாதம். 1990-இல் நின்டெண்டோ அமெரிக்க நகரங்களில் சுற்றுப்பயணமாக ஒரு போட்டியை நடத்தியது. சூப்பர் மாரியோ பிரதர்ஸில் 50 காசுகளைச் சேர்த்து, ராட் ரேசர் என்னும் காரோட்டத்தில் ஒரு தடத்தை முடித்து, எஞ்சிய நேரம் முழுவதும் டெட்ரிஸ் ஆட வேண்டும். மொத்தம் கிடைப்பது 6 நிமிடம் 21 நொடி. காரோட்டத்தின் புள்ளி பத்தால் பெருக்கப்படும், டெட்ரிஸின் புள்ளி இருபத்தைந்தால் பெருக்கப்படும் என்பதால், முதல் இரண்டையும் விரைவாக முடித்துவிட்டு டெட்ரிஸுக்கு வருபவரே வெல்ல முடிந்தது. இம்மூன்றையும் ஒன்றாக அடக்கி, ஆட்ட நேரத்தை மாற்றியமைக்கும் சிறு விசைகளை மேற்புறத்தில் கொண்ட கார்ட்ரிட்ஜ்கள் இப்போட்டிக்கெனச் செய்யப்பட்டன. இறுதிச்சுற்றுக்கு வந்தவர்களுக்குச் சாம்பல் நிறத்தில் 90 பிரதிகளும், நின்டெண்டோ பவர் என்னும் இதழ் நடத்திய குலுக்கலில் பரிசாகப் பொன்னிறத்தில் 26 பிரதிகளும் வழங்கப்பட்டன. 26 பிரதிகள் மட்டுமே பிறந்த ஒரு பொருளை முழுமைக்கான நிபந்தனையாக்கினால், உலகில் 26 பேருக்கு மேல் எவரும் தம் தொகுப்பை முடிக்க இயலாது. அதனால் பெரும்பாலோர் இவற்றைப் பட்டியலுக்கு வெளியே வைத்திருப்பது நியாயமே. விற்பனைக்கு வந்ததை எல்லாம் திரட்டுவதே தொகுப்பின் பணி. பரிசு கிடைப்பது வேறு வகையான பேறு.

உரிமம் பெறாதவற்றைப் பொறுத்தவரை அவ்வளவு எளிதாக முடிவுகூற முடியாது. அட்டாரி கேம்ஸின் துணை நிறுவனமான டெங்கன், முதலில் உரிமம் பெற்று வெளியிட்ட பேக்-மேன், காண்ட்லெட், ஆர்.பி.ஐ. பேஸ்பால் ஆகிய மூன்றையும் பிறகு நின்டெண்டோவோடு முரண்பட்டுத் தன் சொந்தக் கறுப்பு உறையில் மீண்டும் வெளியிட்டது. பூட்டுச் சில்லின் இரகசியத்தை அறிவதற்காக, வழக்கு இருப்பதாகக் கூறி அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து அதன் நிரலைப் பெற்றதாக நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. டெங்கன் 1989 மே மாதம் வெளியிட்ட டெட்ரிஸ், வீட்டுக் கருவிகளுக்கான உரிமை நின்டெண்டோவுக்கே உரியது என்ற அடிப்படையில் ஜூன் மாதம் பிறப்பிக்கப்பட்ட தடையாணையால் ஏறத்தாழ நான்கு வாரங்களில் சந்தையைவிட்டு வெளியேறியது. இருவர் ஒரே நேரத்தில் ஆடக்கூடிய அப்பதிப்பு, நின்டெண்டோ வெளியிட்ட டெட்ரிஸைவிடச் சிறந்தது என்று கருதுவோர் இன்றும் பலர். கலர் டிரீம்ஸ் என்னும் இன்னொரு நிறுவனம் மின்னழுத்தத் தாக்கு ஒன்றினால் பூட்டுச் சில்லை நிலைகுலையச் செய்யும் வழியைக் கண்டது. அதிலிருந்து பிறந்த விஸ்டம் ட்ரீ நிறுவனமோ விவிலியக் கதை விளையாட்டுகளை உருவாக்கிக் கிறித்தவ நூல் கடைகளின் வழியாக விற்றது. இவையெல்லாம் அக்காலக் குழந்தைகள் உண்மையில் ஆடியவை. ஒரு நிறுவனம் அனுமதித்தவற்றை மட்டும் எண்ணும் பட்டியல் அந்நிறுவனத்தின் கணக்கேடாக இருக்குமேயன்றி, காலத்தின் பதிவாக இருக்காது.

ஒரே விளையாட்டின் வேறுபட்ட வடிவங்கள் இன்னொரு சிக்கல். தொடக்க ஆண்டுகளின் கார்ட்ரிட்ஜ்கள் சாதாரணத் திருப்புளியால் கழற்றக்கூடிய 5 திருகாணிகளோடு வந்தன. பிற்காலத்தவை தனிக் கருவி வேண்டும் 3 திருகாணிகளோடு வந்தன. ஜைரோமைட் என்னும் விளையாட்டின் முற்காலப் பிரதிகள் சிலவற்றைத் திறந்தால், 60 இணைப்பு முனைகள் கொண்ட ஜப்பானியச் சுற்றுப்பலகையும், அதனை 72 முனைகள் கொண்ட அமெரிக்கக் கருவிக்குப் பொருத்தும் இடையிணைப்பும் அப்படியே உள்ளே இருக்கும். அமெரிக்காவுக்கென்று தனிப் பலகைகளைத் தயாரிக்க நேரமில்லாத அவசரத்தில் நடந்த அந்த அறிமுகத்தின் சுவடு, நாற்பதாண்டு கடந்தும் நெகிழி உறைக்குள் காத்திருக்கிறது. இந்த வேறுபாடுகளை எல்லாம் சேர்க்க முனைபவருக்கு முடிவென்பதே இல்லை; ஆனால் இவற்றைக் கவனித்துக் குறித்து வைப்பவர் இல்லாவிட்டால் அவை இருந்ததே தெரியாமல் போயிருக்கும்.

விலை உயர்ந்தபோது போலிகளும் வந்தன. மலிவான விளையாட்டொன்றின் உறையையும் பூட்டுச் சில்லையும் எடுத்துக்கொண்டு, புதிய பலகையில் அரிய விளையாட்டின் நிரலைப் பதித்து, கணினியில் அச்சிட்ட ஒட்டுச்சீட்டை மேலே ஒட்டிவிட்டால் பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே பெருந்தொகை கொடுத்து வாங்குபவர் கார்ட்ரிட்ஜைத் திறந்து பார்க்காமல் வாங்கக்கூடாது என்பது இத்துறையின் முதல் விதி. உண்மையான பலகையில் நின்டெண்டோவின் பெயரும் ஆண்டும் அச்சாகியிருக்கும்; சில்லுகளின் மேல் விளையாட்டைக் குறிக்கும் எழுத்துகளும் தயாரிப்புக் காலக் குறியீடும் இருக்கும்; பற்றவைப்பு ஆலையின் ஒழுங்கோடு இருக்கும். சாளரம் போன்ற கண்ணாடித் துளையுடைய சில்லோ, பிற்காலத்தில் வழக்கத்துக்கு வந்த வேறுவகை நினைவகமோ தென்பட்டால் ஐயுற வேண்டும்.

உண்மையானவையும் என்றும் நிலைப்பவை அல்ல. கடைகளில் விற்ற கார்ட்ரிட்ஜ்களில் விளையாட்டைத் தாங்கியிருப்பது மாஸ்க் ரோம் எனப்படும் வகை. சில்லு தயாராகும்போதே தகவல் அதன் கட்டமைப்பில் நிலையாகப் பொறிக்கப்படுவதால் அது நெடுங்காலம் இருக்கும். ஆனால் 1987-இல் பொன்னிற உறையில் வந்த தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா போன்றவற்றில், ஆடியவர் எட்டிய நிலையைச் சேமிக்கும் நினைவகம் ஒரு நாணய மின்கலத்தின் துணையால் மட்டுமே உயிரோடு இருந்தது; கலம் தீர்ந்தால் சேமித்ததெல்லாம் அழியும், கசிந்தால் பலகையே அரிக்கப்படும். கார்ட்ரிட்ஜ் இயங்காதபோது வாயால் ஊதும் பழக்கம் உலகெங்கும் இருந்தது. மூச்சின் ஈரம் இணைப்பு முனைகளை அரிக்கக்கூடியது என்பதால் நின்டெண்டோவே அதனைத் தவிர்க்கச் சொன்னது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் முனைகளைத் துடைப்பதே சரியான முறை. எல்லாவற்றிலும் நலிவானவை, விளையாட்டு முடிவுறுமுன் சோதனைக்காகச் செய்யப்பட்ட மாதிரிப் பிரதிகள். அவற்றில் பயன்பட்ட ஈப்ரோம் என்னும் சில்லு, தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைத்திருப்பது. புற ஊதா ஒளி பட்டால் அழிவது. ஒளி படாவிட்டாலும் பல பத்தாண்டுகளில் மின்னூட்டம் மெல்லக் கசிந்து பிழைபடக்கூடியது.

இங்குதான் சேகரிப்பின் பொருள் மாறுகிறது. கார்ட்ரிட்ஜின் சில்லில் உள்ளதை உரிய கருவியால் கணினிக்குப் படித்தெடுத்துப் பாதுகாத்தால், பொருள் அழிந்தாலும் படைப்பு அழியாது. ஜப்பானில் 1989-இல் வெளிவந்த மதர் என்னும் விளையாட்டின் ஆங்கிலப் பதிப்பு, அமெரிக்க வெளியீட்டுக்காக முழுமையாக உருவாக்கப்பட்டபின் கைவிடப்பட்டது. அதன் மாதிரிப் பிரதி ஒன்று சில ஆண்டுகளுக்குப் பின் தனியாரிடம் இருப்பது தெரியவந்தபோது, ஆர்வலர் குழு ஒன்று பலரிடம் நிதி திரட்டி அதனைப் படித்தெடுக்க 1998-இல் வழிசெய்தது. நின்டெண்டோ அப்பதிப்பை எர்த்பவுண்ட் பிகினிங்ஸ் என்ற பெயரில் முறைப்படி வெளியிட்டது 2015-இல். இடைப்பட்ட 17 ஆண்டுகள் அவ்விளையாட்டை உலகம் அறிந்திருந்தது ஆர்வலர்களால்தான். அவ்வாறே, என்இஎஸ் கருவிக்காகத் தொடங்கப்பட்டு வெளிவராமல்போன சிம்சிட்டியின் மாதிரிப் பிரதி 2017-இல் கண்டெடுக்கப்பட்டு, மறு ஆண்டு படித்தெடுத்துப் பொதுவில் வைக்கப்பட்டது. அப்பணியைச் செய்தது ஃபிராங்க் சிஃபால்டி 2017-இல் தொடங்கிய வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன். அதே அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு அப்போது முறையான விற்பனையில் இருக்கவில்லை. பதிப்புரிமைச் சட்டம் நூலகங்களின் கைகளைக் கட்டிவைத்திருக்கும் நிலையில், ராச்செஸ்டர் நகரின் ஸ்ட்ராங் அருங்காட்சியகம் போன்ற சில நிறுவனங்களோடு சேர்ந்து இச்சுமையைத் தாங்குவோர் தனிப்பட்ட சேகரிப்பாளர்களே.

இதனோடு ஒப்பிடும்போது அண்மைக்கால ஏலச் சந்தையின் போக்கு வருத்தமளிப்பது. உறை பிரிக்கப்படாத பிரதிகளைத் தரம் பிரித்து மதிப்பெண் இட்டு, கடினமான நெகிழிப் பேழைக்குள் நிரந்தரமாக மூடிவைக்கும் வழக்கம் பரவியபின், 2021 ஜூலையில் சில நாட்களுக்குள்ளேயே ஸெல்டாவின் ஒரு பிரதி 8,70,000 டாலருக்கும், சூப்பர் மாரியோ 64-இன் ஒரு பிரதி 15,60,000 டாலருக்கும் ஏலம்போயின. பின்னது ஒரு கோடிக்கும் மேல் விற்ற விளையாட்டு. பேழைக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜை ஆட முடியாது. திறந்து பலகையின் பதிப்பைப் பார்க்க முடியாது. மின்கலம் கசிந்தாலும் அறிய முடியாது. முதலீட்டுப் பொருளாக அதனை வாங்குவோருக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் அதனைச் சேகரிப்பின் உச்சமென்று கொள்வது தவறு. மூலையில் கிழிந்த ஒட்டுச்சீட்டோடு இயங்கிக்கொண்டிருப்பதும், உள்ளடக்கம் படித்தெடுக்கப்பட்டதும், பெட்டியும் கையேடும் படமெடுத்து வைக்கப்பட்டதுமான ஒரு பிரதி அதனினும் முழுமையானது. 677-ஐயும் அலமாரியில் அடுக்கியவர் தாம் அறிந்ததைப் பிறர் காணும்படி பதிவுசெய்யவில்லையெனில், அவருடைய பட்டியல் நிறைந்ததே தவிரப் பணி நிறையவில்லை.

இந்தப் பணியில் தமிழ் வாசகர்களுக்கும் இடமுண்டு. 1990-களில் இந்திய நகரங்களின் கடைகளில் டிவி கேம் என்று விற்ற கருவிகளில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் உரிமம் பெறாத நகல்கள். அவற்றில் செருகிய மஞ்சள் நிறக் கேசட்டுகள் அதே 60 முனை அமைப்பைக் கொண்டவை. ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் விளையாட்டுகள் இருப்பதாக மேலட்டை அறிவிக்க, உள்ளே சில விளையாட்டுகளே வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும்; சிலவற்றில் தலைப்பும் பாத்திரங்களும் மாற்றப்பட்டிருக்கும். அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை. ஏலத்தில் விலையும் இல்லை. ஆனால் ஒரு தலைமுறை இந்தியக் குழந்தைகள் முதன்முதலில் ஒரு கணினி நிரலோடு பழகியது இவற்றின் வழியேதான். பரணிலோ பழைய பெட்டியிலோ அத்தகைய கேசட் கிடைத்தால் அதனைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். முனைகளைத் துடைத்து, மேலட்டையையும் உள்ளிருக்கும் பலகையையும் தெளிவாகப் படமெடுத்து, எந்த ஊரில் எந்த ஆண்டில் வாங்கியது என்பதை ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். உள்ளடக்கத்தைப் படித்தெடுக்கத் தெரிந்தவர் கிடைக்கும்போது அவரிடம் ஒருமுறை கொடுத்து வாங்குங்கள்.